ஈரக் காற்றில் தெர்மல் ஸ்கோப்: படம் மங்கினால், குறி விலகினால் எங்கே பார்ப்பது?

பிரிட்டனின் மேற்குப் பக்க மலைப் பண்ணைகளில் மார்ச், ஏப்ரல் என்றால் செம்மறிகள் குட்டி போடும் காலம். நரித் தொல்லை கூடுவதும் அப்போதுதான். வேல்ஸின் எரிரி (ஸ்னோடோனியா) மலைகளிலும் இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் உயரமான இடங்களில் ஆண்டு மழை 3,000 மி.மீட்டரைத் தாண்டும். தூறல் நின்றால் மூடுபனி, அது விலகினால் புல்லெல்லாம் பனி. குட்டிகளைக் காக்க இரவில் நிற்பவர் கையில் இப்போது பெரும்பாலும் தெர்மல் ஸ்கோப் (வெப்பத்தைப் படமாகக் காட்டும் குறிநோக்கி) பொருத்திய துப்பாக்கிதான் இருக்கிறது. அவர்களிடமிருந்து வரும் புகார்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: “கடையில் பார்த்தபோது அருமையாக இருந்தது, மலையில் ஒன்றும் தெரியவில்லை”, “போன வாரம் சரியாகச் சுட்டது, இப்போது ஜீரோ மாறிவிட்டது.”

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரமான இரவில் ஜீரோவை, அதாவது குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பை, தொடாதீர்கள். தண்ணீர் ஐந்து இடங்களில் இருக்கலாம்: காற்றில், முன் லென்ஸில், கண் வைக்கும் ஐபீஸில், குறிப்பலகையில், துப்பாக்கியில். இவற்றில் கடைசி இடத்துத் தண்ணீர் மட்டும்தான் குண்டு விழும் இடத்தை உண்மையாகவே மாற்றும். மற்ற நான்கும் நீங்கள் பார்ப்பதைத்தான் கெடுக்கின்றன. பார்வைக் கோளாறுக்கு ஜீரோவைத் திருத்தினால், வானம் வெளுத்ததும் ஒன்றுக்கு இரண்டு கோளாறு ஆகிவிடும்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் தரும் துப்பாக்கிச் சான்றிதழும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் இரவில் நரியைச் சுடத் தடையில்லை. மானுக்கு அப்படியில்லை, 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, தனி உரிமம் இல்லாமல் இரவில் மானைச் சுடக்கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். யானை, காட்டுப்பன்றி நடமாட்டத்தைக் கண்காணிக்கக் கைத் தெர்மல் வைத்திருப்பவர்களுக்கு, கீழே படம் பற்றிச் சொல்லும் பகுதிகள் அப்படியே பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்: மெனு எழுத்தைப் பாருங்கள்

ஸ்கோப்பை ஆன் செய்து மெனுவைத் திறங்கள். எழுத்தும் ரெட்டிகிள் எனும் குறுக்குக் கோடும் கூர்மையாக இருக்கின்றனவா? அவை லென்ஸ் வழியாக வருவதில்லை, உள்ளே இருக்கும் சிறு திரையில் வரையப்படுபவை. எழுத்து கூர்மையாக இருந்து காட்சி மட்டும் மங்கினால், கோளாறு திரைக்கு முன்பக்கம்: சென்சார், லென்ஸ், காற்று, குறி, இவற்றில் ஒன்று. எழுத்தும் சேர்ந்து மங்கினால் கோளாறு உங்கள் கண் பக்கம். ஐந்து நொடியில் முடிகிற இந்தச் சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

“எழுத்து கூர்மை, காட்சி மட்டும் பால் ஊற்றியது போல வெளிறிக் கிடக்கிறது”

அருகில் இருக்கும் சூடான பொருள் ஒன்றைப் பாருங்கள். 15, 20 மீட்டரில் நிற்கும் வண்டியின் பானெட் போதும். ஃபோகஸை அந்தத் தூரத்துக்குத் திருப்பிக்கொள்ள மறக்காதீர்கள். பானெட் தெளிவாகத் தெரிந்து, தூரத்து ஆடுகள் மட்டும் கரைந்து போனால் குற்றவாளி காற்று. பானெட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் அல்லது ஃபோகஸ்.

காற்று என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை. தெர்மல் மூடுபனியை ஊடுருவும் என்று விற்பவர்கள் சொல்வது அரை உண்மை. புகையையும் மெல்லிய புகைமூட்டத்தையும் அது நன்றாகவே கடக்கும், ஏனென்றால் அந்தத் துகள்கள் மிகச் சிறியவை. மூடுபனித் துளி அப்படியில்லை. இந்த ஸ்கோப்புகள் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைநீளத்தை. மூடுபனித் துளிகளின் அளவும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருப்பதால், வெப்பக் கதிரை அவை சிதறடிக்கின்றன, உறிஞ்சியும் கொள்கின்றன. பிரிட்டனின் வானிலை அலுவலகம் பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் மூடுபனி என்கிறது. அந்த எல்லையை ஒட்டிய மூட்டத்தில் ஸ்கோப் உதவும். வெறும் கண்ணுக்கு 100 மீட்டர்கூடத் தெரியாத அடர்த்தியில் அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மழை இன்னொரு விதத்தில் கெடுக்கிறது. நனைந்த கல், புல், மண், வேலி எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். வித்தியாசம்தான் இங்கே படம். அது போனால் படமும் போய்விடும். மிச்சமிருக்கும் சொற்ப வித்தியாசத்தைக் கருவி இழுத்துப் பெரிதாக்கும்போது புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். அப்போது பிரைட்னஸைக் குறைத்து கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். உங்கள் கருவியில் மழை, மூடுபனிக்கென்று தனி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். வாங்கும்போதே யோசிக்க முடிந்தவர்களுக்கு என் கருத்து: ஈரமான ஊரில் வாழ்பவர் 640 பிக்சலுக்குக் காசு கொடுக்கும் முன், சென்சாரின் வெப்ப உணர்திறன் எண்ணைப் பார்க்க வேண்டும். கருவி உணரும் மிகச் சிறிய வெப்ப வித்தியாசம் அது, மில்லிகெல்வினில் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போட்டிருப்பார்கள். 40ஐ விட 25 நல்லது, 20க்குக் கீழே இன்னும் நல்லது. காய்ந்த இரவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தூறலில் நன்றாகவே தெரியும்.

லென்ஸ் என்றால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். முன் லென்ஸ் ஜெர்மேனியம். கண்ணாடி போல ஊடே பார்க்க முடியாது, ஆனால் மேலே படிந்த நீர் தெரியும். இதில் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் லென்ஸில் இருக்கும் துளி படத்தில் துளியாகத் தெரியாது. அது ஃபோகஸுக்கு வெகு முன்னால் இருப்பதால், படம் முழுவதும் சோர்ந்து போவது மட்டும்தான் தெரியும். வெப்பக் கதிருக்கு நீர் கிட்டத்தட்டச் சுவர் மாதிரி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு படலமே கதிரைப் பெருமளவு மறித்துவிடும்.

துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் ஊதும் பல்பால் துளிகளையும் மணலையும் விரட்டுங்கள். அப்புறம் லென்ஸ் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரச் சட்டைக் கையும் மேலங்கியும் லென்ஸ் பக்கமே வரக்கூடாது. அதன் பூச்சில் கீறல் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. கார் கண்ணாடிக்கான மழைநீர் விலக்கியையும் பூசாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தது. இதையெல்லாம் விட நல்லது, மூடியைப் போட்டே வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் திறப்பது. வயலைத் துழாவுவதற்குக் கைத் தெர்மலைப் பயன்படுத்துங்கள். லென்ஸ் நனையாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், என்னவென்று தெரியாத ஒன்றைப் பார்க்கத் துப்பாக்கியைத் திருப்பக்கூடாது என்பது.

லென்ஸும் காய்ந்திருந்து, காற்றும் தெளிவாக இருந்தால் ஃபோகஸைத் திருப்பிப் பாருங்கள். வெப்பநிலை மாறினால் ஜெர்மேனியத்தின் ஒளிவிலகல் சாதாரணக் கண்ணாடியை விடப் பல மடங்கு மாறும். 20 டிகிரி வீட்டிலிருந்து 4 டிகிரி வயலுக்கு வந்தால் ஃபோகஸ் நகர்வது இயல்புதான். அரை மணி நேரம் வெளியே இருந்து நிலைத்த பிறகு மறுபடி சரி செய்யுங்கள்.

“எழுத்தும் மங்கல்”

ஐபீஸ் சாதாரணக் கண்ணாடி. உங்கள் மூச்சும் கண்ணின் வெதுவெதுப்பும் ரப்பர் கப்புக்குள் அடைபட்டு அதில் படிகின்றன. மூச்சை வாய் வழியாகக் கீழ்நோக்கி விடுங்கள், பார்க்காத நேரத்தில் முகத்தை விலக்கி வையுங்கள். மூக்குக்கண்ணாடிக்கு விற்கும் பனி படியாத துடைப்பானை ஐபீஸுக்கு மட்டும் பயன்படுத்தலாம். துடைத்தும் எழுத்து கூர்மை வரவில்லையா, ஐபீஸை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் டயாப்டர் வளையம் அசைந்திருக்கும்.

“நான் திரும்பினாலும் கறை கூடவே வருகிறது”

துப்பாக்கியை மெல்ல இடவலமாக நகர்த்துங்கள். கறை காட்சியோடு நகர்ந்தால் அது வயலில் இருக்கிறது. திரையிலேயே நின்றால் உள்ளே இருக்கிறது.

நிற்கும் கறைக்கும் செங்குத்துக் கோடுகளுக்கும் முதல் மருந்து அளவுத்திருத்தம். மெனுவில் கேலிப்ரேஷன் என்றோ என்யூசி என்றோ இருக்கும். குளிரில் சென்சாரின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போவதால் முதல் ஒரு மணி நேரத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். தானியங்கி முறையில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு உள்ளே ஒரு சிறு தகடு மூடித் திறக்கும். அந்தச் சத்தம் வேண்டாம் என்று கையால் செய்பவர்கள் லென்ஸ் மூடியைப் போட்டுத்தான் செய்வார்கள். ஈரம் விளையாடுவது அங்கேதான். மூடியின் உள்பக்கம் நீர் படிந்து, பாதி குளிராகவும் பாதி வெதுவெதுப்பாகவும் இருந்தால், கருவி அந்த ஏற்றத்தாழ்வையே சமநிலை என்று கற்றுக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் அதன் எதிர்ப்பதிவு படத்தின் மேல் படிந்து நிற்கும். மூடியின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு தடவை தகடு மூடும் முறைக்கு மாறுங்கள். அப்படியும் போகாத கறை சென்சாரில் இருக்கிறது. வெயிலில் சூரியனை நோக்கித் திருப்பிய கருவிகளில் இப்படி வடு விழுவதுண்டு.

“ஜீரோ செய்யக் குறியே தெரியவில்லை”

வழக்கமாக எல்லாரும் செய்வது அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டுவது. தாள் தன் வெப்பத்தைக் காட்டாது, எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் குளிர்ந்த வானத்தைக் காட்டிக் கருங்கட்டமாக நிற்கும். தெளிந்த வானத்தில் இதைவிட நல்ல குறி இல்லை.

ஈர நாளில் இது இரண்டு வழியில் தோற்கும். வானம் மேகத்தால் மூடியிருந்தால் அதன் வெப்பம் தரையை நெருங்கிவிடும், தாளுக்குக் காட்டக் குளிர் ஒன்றும் இருக்காது. தாளின் மேல் பனி படிந்தால் அதைவிட மோசம். ஏனென்றால் நீர் நல்ல வெப்ப உமிழி, தாளின் பிரதிபலிப்பை அது மூடிவிடும். அட்டையும் தாளும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

அப்போது சூடான குறிதான் வழி. குலுக்கினால் சூடாகும் இரும்புத் தூள் பொட்டலம் காற்றை நம்பி வேலை செய்வது, நனைந்தால் அடங்கிவிடும். உள்ளே தகட்டை மடக்கினால் உறையும் சோடியம் அசிடேட் பொதி நல்லது. அது மூடிய பை, தொடக்கத்தில் சுமார் 54 டிகிரி வரை ஏறும். ஆனால் அப்படியே தொங்கவிட்டால் அளவுக்கு மீறிப் பிரகாசித்து, ஓரம் பரவி, நடு எது என்று தெரியாத உருண்டையாகத் தெரியும். அதற்கு முன்னால் சிறு இடைவெளி விட்டு, 10 செ.மீ. சதுர ஓட்டை வெட்டிய தடித்த அட்டையை வையுங்கள். அட்டையைப் பொதி தொடக்கூடாது, தொட்டால் அட்டையும் சூடாகிவிடும். பொதி ஓட்டையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். மேலே ஒரு சிறு கூரை போட்டால் தூறல் படாது. மெல்லிய பாலித்தீன் தாளால் மூடினாலும் சரி, வெப்பக் கதிர் அதைக் கடந்து வரும். அவ்வப்போது நீரை உதறிவிடுங்கள். கண்ணாடியோ அக்ரிலிக் பலகையோ ஆகாது, அவை கதிரை மறிக்கும்.

ஏன் 10 செ.மீ.? 12 மைக்ரான் பிக்சலும் 35 மி.மீ. லென்ஸும் உள்ள ஸ்கோப்பில் ஒரு பிக்சல் 100 மீட்டரில் 34 மி.மீ. அகலம். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 24 மி.மீ. ஐந்து செ.மீ. குறி வைத்தால் ஒன்றரைப் பிக்சலில் நடுவைத் தேடுகிறீர்கள். பத்தில் மூன்று பிக்சல் கிடைக்கும், நடுவைப் பிடிக்கலாம். திருத்தும் படி ஒன்றும் சில கருவிகளில் ஒரு முழுப் பிக்சல்தான். சிலவற்றில் ஜூம் கூடும்போது படியும் நுணுக்கமாகும். உங்கள் கையேட்டில் ஒரு படி 100 மீட்டரில் எத்தனை மி.மீ. என்று பார்த்து வைத்துக்கொண்டால், அதைவிடச் சின்னத் திருத்தத்துக்காகத் தோட்டாவை வீணாக்க மாட்டீர்கள்.

25 மீட்டரில் தொடங்குங்கள். குண்டு நிற்கும்படி பின்னால் மண்மேடு கட்டாயம். துப்பாக்கியை மணல் பைகளில் அசையாமல் வைத்து மூன்று சுடுங்கள். ஒற்றைக் குண்டை நம்பாமல் மூன்றின் நடுவை எடுங்கள். பிறகு ரெட்டிகிளைக் குறியில் வைத்து, படத்தை உறைய வைத்து, குறுக்குக் கோட்டைக் குண்டு விழுந்த இடத்துக்கு நகர்த்துங்கள். நனைந்த அட்டையில் ஓட்டை தெர்மலில் தெரியாது. பகலில் தொலைநோக்கியால் பாருங்கள், இல்லையென்றால் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு நடந்து போய் அளந்து வாருங்கள். அப்புறம் 100 மீட்டர். இதையெல்லாம் பகலிலேயே செய்யலாம். தெர்மலுக்கு இருட்டு தேவையில்லை.

“மூன்றும் ஒரே இடத்தில் விழுகின்றன, ஆனால் வேறு இடத்தில்”

குண்டுகள் நெருக்கமாக விழுந்து, மொத்தமாக நகர்ந்திருந்தால் ஏதோ ஒன்று ஒரே சீராக மாறியிருக்கிறது. சுலபமானதிலிருந்து தேடுங்கள். ஜீரோ புரொஃபைல் மாறியிருக்கிறதா? கையுறையோடு பட்டன் அழுத்தும்போது ஏ புரொஃபைல் பி ஆகிவிடும், அது வேறு துப்பாக்கிக்கோ வேறு தோட்டாவுக்கோ வைத்த ஜீரோ. அடுத்து, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுன்ட்டின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் சரிபாருங்கள். குழல் முனையில் சத்தம் குறைக்கும் மாடரேட்டர் இருந்தால் அது முழுக்கத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். அரைச் சுற்று தளர்ந்தாலே குண்டு வேறு இடத்துக்குப் போகும்.

அடுத்து, மரக் கட்டையுள்ள துப்பாக்கி. ஈரத்தில் மரம் ஊதும். முன்கட்டை ஊதிக் குழலைப் பக்கவாட்டில் தள்ளினால் ஜீரோ உண்மையாகவே மாறும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பின்பக்கமாக இழுத்து வாருங்கள். போன மாதம் தடையில்லாமல் ஓடிய காகிதம் இப்போது சிக்கினால் காரணம் கிடைத்துவிட்டது. மரம் காய்ந்ததும் குண்டு பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். அதனால்தான் அந்த இரவில் ஜீரோவைத் திருத்த வேண்டாம் என்கிறேன். நிரந்தரத் தீர்வு, துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து இடைவெளியைக் கூட்டி மரத்துக்கு ஈரம் ஏறாத பூச்சு போடுவது. இல்லையென்றால் செயற்கைக் கட்டைக்கு மாறுவது.

காற்றின் ஈரமே குண்டை இழுக்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக் காற்று உலர் காற்றை விடச் சற்று லேசானது. நரி சுடும் தூரத்தில் அதன் விளைவை உங்களால் அளக்கவே முடியாது. காற்றை விட்டுவிட்டுத் துப்பாக்கியில் தேடுங்கள்.

“குண்டுகள் சிதறுகின்றன”

மாடரேட்டர், மவுன்ட் இரண்டையும் மறுபடி பாருங்கள். அவை சரி என்றால் குறி பெரிதாகப் பூத்துத் தெரிகிறதா, ஃபோகஸ் கலைந்திருக்கிறதா என்று பாருங்கள். குழலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே நிறுத்துங்கள். குழலில் தேங்கிய நீர் குறியைக் கெடுப்பதோடு நிற்காது, குழலையே வெடிக்கச் செய்யக்கூடும். துப்பாக்கியைக் காலி செய்து, துணி இழுத்துக் காய வையுங்கள். தோட்டாவையும் துடைத்துப் போடுங்கள். ஈரமோ எண்ணெயோ பட்ட தோட்டா போல்ட்டின் மேல் விழும் அழுத்தத்தைக் கூட்டும்.

“ரேஞ்ச்ஃபைண்டர் 30 மீட்டர் என்கிறது, ஆடு 150ல் நிற்கிறது”

தூரம் அளக்கும் லேசர் மூடுபனியிலிருந்தே திரும்பி வந்துவிட்டது. தூரம் தவறாகத் தெரிவதோடு இது நிற்காது: தூரத்தை வைத்து ரெட்டிகிளைத் தானாக நகர்த்தும் ஸ்கோப்பாக இருந்தால் குறியும் தவறும், ஜீரோ போய்விட்டது என்று நினைப்பீர்கள். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். பகலிலேயே கேட், கல்சுவர், தனிமரம் என்று நான்கைந்து இடங்களை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் மூடுபனி இரவில் லேசர் தேவைப்படாது.

“தெரிவது நரியா, குட்டியா?”

நனைந்த செம்மறியின் கம்பளி வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். முகமும் கால்களும்தான் ஒளிரும், உடல் மங்கி விடும். நனைந்த நரியும் அப்படித்தான். தாயின் அருகில் சுருண்டு கிடக்கும் பிறந்த குட்டி, புல்லுக்கு மேல் நரி அளவுக்கே ஓர் ஒளிப்பொட்டாகத் தெரியும். தெர்மலில் கண்ணின் மினுக்கம் கிடையாது, நிறமும் கிடையாது. தூறலில் பொட்டு மட்டும் தெரிந்து, நடையும் வாலும் தெரியவில்லையென்றால் சுடக்கூடாது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனியிலும் அப்படியே. மூக்குத் தெரியும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்.

“உள்ளேயே நீர் கோத்திருக்கிறது”

வெளியே துடைத்தும் போகாத ஆவி, லென்ஸின் உள்பக்கம் தெரியும் துளி, இரண்டும் அடைப்பு உடைந்ததற்கு அடையாளம். பல ஸ்கோப்புகளின் உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். திறந்து பார்க்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். பேட்டரி அறையில் மட்டும் ஈரம் என்றால் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் மாற்றுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவது சாதாரணம், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த ஸ்கோப்பை வெதுவெதுப்பான சமையலறையில் அப்படியே திறந்து வைக்காதீர்கள்; மேலெல்லாம் நீர் படியும். வெளியிலேயே பைக்குள் போட்டு மூடி, பையோடு உள்ளே கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். பிறகு மூடிகளைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, ஹீட்டருக்கு அருகில் வைக்காமல் இரவு முழுக்கக் காய விடுங்கள். மாடரேட்டரையும் குழலிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தி வையுங்கள். துப்பாக்கி பூட்டிய அலமாரிக்குத்தான் போக வேண்டும், ஆகவே அதற்கு முன் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அடுத்து வரும் காய்ந்த பகலில் 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். அப்போதும் விலகியிருந்தால் ஜீரோவைத் திருத்தலாம்.